வாசகர் கேள்விகள்: சம்பூரில் வராமல் போன அனல் மின்நிலையம்

சென்ற இதழில் மின்கட்டணம் பற்றிய ஒரு பதிலுக்குள், திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் வரவிருந்த நிலக்கரி மின்நிலையத்தை நிறுத்தியவர்களைப் பாராட்டி ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இந்த முறை பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டன. மூதூர்ப் பக்கம் பல காலம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். என்னிடம் படித்த பிள்ளைகளில் பலர் அந்த ஊர்களின் பிள்ளைகள். ஆகவே இது எனக்குத் தள்ளி நின்று பேசக்கூடிய விஷயம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டுப் பதில்களுக்குப் போகிறேன்.

சேர், சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது என்று சின்ன வயதில் கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போது அங்கே சோலார் என்கிறார்கள். அந்தப் பழைய திட்டம் என்ன? ஏன் நின்றுபோனது?
*பல்கலைக்கழக மாணவி, மட்டக்களப்பு*

திட்டம் இதுதான், பிள்ளை. 250 மெகாவாற்று இயந்திரங்கள் இரண்டு, மொத்தம் 500 மெகாவாற்று. இந்திய அரசின் என்.ரி.பி.சி. நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் பாதிப் பாதிப் பங்கு. இடம் கொட்டியாரக் குடாவின் கரையில், மூதூருக்குக் கிழக்கே, சம்பூர். நிலக்கரி கப்பலில் வரும், அதற்கு ஓர் இறங்குதுறை. குளிரூட்டக் கடல்நீர். காகிதத்தில் பார்த்தால் எந்த நாட்டிலும் இருக்கிற சாதாரண அனல் மின்நிலையம்தான்.

திகதிகளைச் சேர்த்து வாசித்தால்தான் விஷயம் தெரியும். 2006 ஏப்ரல் 25இல் கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அன்றைக்கே சம்பூர்ப் பக்கம் விமானக் குண்டுவீச்சும் செல் அடியும் தொடங்கின. சனம் கிளம்பியது. சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, சூடைக்குடா, இளக்கந்தை என்று ஊர் ஊராகத் தெற்கே நடந்து, வெருகல் கடந்து மட்டக்களப்புப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். செப்டெம்பர் 4ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் கையிலிருந்த சம்பூர் படையினர் வசம் வந்துவிட்டதாக ஜனாதிபதி அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பர் 29ஆம் திகதி என்.ரி.பி.சி.யுடனான மின்நிலைய உடன்பாடு கைச்சாத்தானது. இடையில் நான்கு மாதம்கூட இல்லை. காணிக்காரர் அகதி முகாமில் இருந்தார்கள். 2007 மேயில் வர்த்தமானி வந்தது, அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. திரும்பிப் போகும் வழி சட்டப்படியும் அடைபட்டது.

அதற்குப் பிறகு அஞ்சாறு வருடம் பேச்சுவார்த்தையிலேயே போனது. 2011 செப்டெம்பரில் கூட்டு நிறுவனம் ஒன்று, திருகோணமலை பவர் கம்பனி என்ற பெயரில், பதிவானது. 2013 ஒக்டோபரில் மின்கொள்வனவு ஒப்பந்தம், காணிக் குத்தகை எல்லாம் கையெழுத்தாகின. 2015இல் ஆட்சி மாறியது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது, அனுமதியும் கிடைத்தது. கொழும்பிலுள்ள ஒரு சுற்றாடல் சட்ட அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஊரில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. 2016 செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் கட்டப்படமாட்டாது என்று சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்தில் அறிவித்தது. அத்தோடு வழக்கும் முடிந்தது, திட்டமும் முடிந்தது.

யார் நிறுத்தினார்கள் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. வழக்குப் போட்டவர்கள், வெயிலில் பதாகை பிடித்து நின்ற பெண்கள், இந்தப் பேரங்களில் இழுபட்ட பத்து வருடம், மாறிய அரசு, உலகம் முழுக்க நிலக்கரிக்கு எதிராகத் திரும்பிய காற்று, எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கிறது. ஒன்றைமட்டும் கவனியுங்கள். "கட்டப்படவில்லை" என்று எழுதும்போது ஏதோ ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். அந்த மின்நிலையத்துக்காக ஒரு செங்கல்கூட அடுக்கப்படவில்லை, உண்மை. ஆனால் அதன் பெயரைச் சொல்லி அந்தச் சனத்தின் வாழ்க்கையில் பத்து வருடம் எடுக்கப்பட்டது.

500 மெகாவாற்று கையில் வந்ததைத் தட்டிவிட்டு, 2022இல் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். நிறுத்தியவர்களை நீங்கள் பாராட்டுவது நியாயமா?
*ஓய்வுபெற்ற மின்பொறியியலாளர், வெள்ளவத்தை*

ஐயா, உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் சொல்கிறேன்.

மின்சார சபையின் நீண்டகாலத் திட்டத்தில் சம்பூர் ஒரு பெரிய தூண். அதை எடுத்தவர்கள் அந்த இடத்தில் வேறொன்றை நிறுத்தவில்லை. இயற்கை எரிவாயுவில் செய்வோம் என்றார்கள், அதுவும் வருடக்கணக்கில் இழுபட்டது. இடைவெளியை நிரப்ப டீசலிலும் உலை எண்ணெயிலும் மின்சாரம் வாங்கினோம். அந்தச் செலவு கடைசியில் மின்கட்டணச் சீட்டில் வந்து நின்றது. தையல் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு பிழைக்கிற பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு திட்டத்தை நிறுத்துகிறவர்களுக்கு மாற்றுத் திட்டம் தேடுகிற பொறுப்பும் இருக்கிறது. அரசு அதைச் செய்யவில்லை.

ஆனால் 2022 இருட்டுக்கு சம்பூரை இழுப்பதை நான் ஏற்கமாட்டேன். அப்போது நாட்டில் மின்பிறப்பாக்கிகளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. அவற்றுக்கு ஊற்ற எண்ணெய் வாங்க டொலர் இருக்கவில்லை, நீர்த்தேக்கங்களும் இறங்கிக் கிடந்தன. நிலக்கரியும் இறக்குமதிதானே? கணக்கை நீங்களே போடலாம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான நிலக்கரி. 500 மெகாவாற்று ஓடினால் ஒரு நாளைக்கு ஐயாயிரம் தொன் அளவில் எரியும். 60,000 தொன் ஏற்றி வருகிற ஒரு கப்பல் பன்னிரண்டு நாளைக்குக் காணும். 2022இல் உலகச் சந்தையில் நல்ல தர நிலக்கரி தொன் 400 டொலரையும் தாண்டியது. அந்த விலைக்கு ஒரு கப்பல் 240 இலட்சம் டொலர். நாட்டின் ஒரே நிலக்கரி மின்நிலையமான நுரைச்சோலைக்கு நிலக்கரி வாங்கவே அந்த வருடம் நாடு பட்ட பாட்டை நீங்கள் பார்த்தீர்கள். சம்பூரும் இருந்திருந்தால் காசு தேட வேண்டிய இன்னொரு வாய் கூடியிருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நுரைச்சோலையில் 300 மெகாவாற்று இயந்திரங்கள் மூன்று. நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. அவற்றில் ஒன்று திடீரென்று விழுந்தாலே நம்முடைய சின்ன மின்வலையமைப்பு ஆட்டம் காணும். 2016 மார்ச் 13ஆம் திகதி நாடு முழுக்க இருண்டதே, அப்போது வலையமைப்பு திரும்ப எழும்பிய பிறகும் நுரைச்சோலை வழமைக்கு வர நாட்கள் எடுத்தன. பெரிய கொதிகலன்களை நினைத்தவுடன் போட்டு நிறுத்த முடியாது. இது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

சூரிய ஒளி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. சம்பூரில் திட்டமிட்டிருக்கிற 120 மெகாவாற்று சோலார் ஒரு வருடத்தில் தருகிற மின்சாரம், அந்த 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் தந்திருக்கக்கூடியதில் பதினைந்தில் ஒரு பங்களவுதான் வரும். இரவில் ஒன்றும் வராது. இந்தக் கணக்கை மறைத்துவிட்டுச் சூழல் பேசுவது சனத்துக்குச் செய்கிற நன்மை இல்லை.

அந்த மக்கள் உண்மையில் எதற்குப் பயந்தார்கள்? சாம்பலுக்கா, கடலுக்கா? இங்கே தூத்துக்குடியில் அனல் மின்நிலையம் பல வருடமாக ஓடுகிறதே.
*வாசகர், தூத்துக்குடி*

உங்கள் ஊர்க்காரருக்குச் சாம்பலைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சம்பூர்ச் சனத்துக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. நுரைச்சோலைக்கு பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே காற்றுக் காலத்தில் நிலக்கரித் தூள் தோட்டங்களில் படிகிறது என்று மரக்கறி செய்கிறவர்கள் சொல்லும் முறைப்பாடு பல வருடத்துப் பழையது.

சம்பூரில் காற்றின் திசையை நினைத்துப் பாருங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தூசு கடல் பக்கம் போய்விடும். மாரியில் வாடைக்காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். அப்போது கட்டைபறிச்சான், மூதூர் என்று சனம் நெருங்கி இருக்கிற பக்கம் முழுக்க காற்றின் கீழே கிடக்கும். மூதூர் முஸ்லிம் சகோதரர்களும் இந்தத் திட்டத்தைப் பற்றிக் கவலைப்பட்டது அதனால்தான்.

அடுத்தது குடா. மகாவலி கங்கை கடலில் கலக்கிற இடம் கொட்டியாரம். ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற அந்த ஆழமில்லாத கரைகளில் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும். வெளியே கொஞ்சத் தூரத்தில் கடல் திடீரென்று பெரும்பள்ளமாக இறங்கும். நீலத்திமிங்கிலம் வருகிற கடல் அது. அனல் மின்நிலையத்தில் எரிக்கிற வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடத்தான் மின்சாரமாகும். மிச்சத்தில் பெரும்பகுதி குளிரூட்டும் நீரோடு கடலுக்குப் போகும். 500 மெகாவாற்று மின்சாரம் எடுத்தால், அதைவிடக் கூடுதலான வெப்பம் குடாவுக்குள் இறங்கும். தண்ணீரை இழுக்கும்போது முட்டையும் குஞ்சும் சேர்ந்தே இழுபடும். கரைவலை இழுக்கிறவனுக்கு வேறு எந்த அறிக்கையும் தேவையில்லை.

ஆனால் நீங்கள் கேட்டது "உண்மையில் எதற்கு" என்று. நான் வகுப்பில் இந்த வெப்பக் கணக்கைச் செய்துகாட்டிய ஒரு நாள் நினைவிருக்கிறது. கிளிவெட்டி அகதி முகாமிலிருந்து வந்து படித்த ஒரு பிள்ளை கடைசி வாங்கில் இருந்து கையை உயர்த்தினாள். வினைத்திறன் பற்றி ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். "சேர், எங்கட கிணறு வேலிக்கு உள்ளுக்கா வெளியிலயா?" என்று கேட்டாள். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. அந்தப் பிள்ளைகள் தகரக் கொட்டிலுக்குள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்துக்கொண்டிருந்தவர்கள். மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: நாங்கள் வீட்டுக்குப் போகலாமா?

சாம்பல், கடல், காற்று எல்லாம் உண்மையான பயங்கள். அவற்றுக்குக் கீழே இருந்தது காணி.

இது இந்தியாவுக்கு எதிரான போராட்டம் என்று சிலர் எழுதினார்கள். அப்படியா?
*வாசகர், சென்னை*

இல்லை. எந்த நாட்டுக் கம்பனி வந்திருந்தாலும் அந்தச் சனம் இதைத்தான் கேட்டிருக்கும். அதே மண்ணில் 818 ஏக்கரைப் பாரிய கைத்தொழில் வலயம் என்று முதலீட்டுச் சபை மூலம் ஓர் உள்நாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அதையும் எதிர்த்தார்கள். கடற்படை முகாமையும் எதிர்த்தார்கள். 818 ஏக்கரை 2015இல் ஜனாதிபதி சிறிசேன வர்த்தமானி மூலம் விடுவித்தார், ஓகஸ்டில் காணிகள் கையளிக்கப்பட்டன. கடற்படை வைத்திருந்த நிலமும் சம்பூர் மகா வித்தியாலயமும் 2016இல் திரும்பி வந்தன. மின்நிலையத்துக்கென்று ஒதுக்கிய சுமார் 500 ஏக்கர்மட்டும் திரும்பி வரவில்லை.

திருகோணமலையில் நிலக்கரி என்ற யோசனை 2006இல்தான் முதலில் வந்ததா?
*ஆசிரியர், கிண்ணியா*

அதற்கு இருபது வருடத்துக்கு முந்தியே வந்துவிட்டது. 1980களில் மின்சார சபை தன் முதல் நிலக்கரி நிலையத்தைத் திருகோணமலையில்தான் வைக்க நினைத்தது. சூழல் எதிர்ப்பும் போரும் சேர்ந்து அதை நிறுத்தின. பிறகு தெற்கே மாவெல்லவுக்குப் போனார்கள், அங்கும் எதிர்ப்பு. கடைசியில் நுரைச்சோலை. அங்கேயும் தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தை முன்வைத்துக் கத்தோலிக்க மக்கள் வருடக்கணக்கில் எதிர்த்தார்கள், ஆனாலும் கட்டி முடித்தார்கள். ஆக, இந்தத் தீவில் கட்டப்படாத நிலக்கரி நிலையங்கள் கட்டப்பட்டதைவிடக் கூட.

இனி எப்போதாவது நிலக்கரி திரும்பி வருமா?
*மாணவர், வவுனியா*

புதிதாக நிலக்கரி நிலையம் கட்டமாட்டோம் என்ற சர்வதேச உடன்பாட்டில் இலங்கை 2021 செப்டெம்பரில் சேர்ந்திருக்கிறது. நுரைச்சோலை தொடர்ந்து ஓடும். புதிதாக ஒன்றுக்குக் கடன் கொடுக்க இன்றைக்கு வங்கிகளும் தயங்கும். சம்பூருக்கு அது திரும்பாது என்றே நினைக்கிறேன்.

எங்கள் வளவும் வயலும் அந்த 500 ஏக்கருக்குள் இருக்கின்றன. அப்பா முகாமிலேயே காலமானார். அண்ணன் இப்போது கட்டைபறிச்சானில் இருக்கிறார். அங்கே சோலார் வருவதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று இங்கே நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படி வரவில்லை. நான் நினைப்பது பிழையா?
*சம்பூரைச் சேர்ந்த வாசகி, ரொறன்ரோ*

பிழை இல்லை, தங்கச்சி.

நடந்ததைச் சொல்கிறேன். நிலக்கரிக்காகத் தொடங்கிய அதே கூட்டு நிறுவனம் இப்போது சோலாருக்கு மாறியிருக்கிறது. 2022 மார்ச்சில் புதிய உடன்பாடு வந்தது. முதல் கட்டம் 50, அடுத்தது 70, சேர்த்து 120 மெகாவாற்று. யூனிட்டுக்கு 5.97 அமெரிக்க சதம் என்று விலை பேசினார்கள். மின்சார சபை டீசலுக்குக் கொடுத்த விலையோடு பார்த்தால் நல்ல விலை. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் காணொளி மூலம் பணிகளைத் தொடக்கிவைத்தார்கள். ஒரு மெகாவாற்று சோலாருக்கு நாலு ஏக்கர் தேவை என்று வைத்தால், 120க்கு அந்த 500 ஏக்கர் ஏறத்தாழ முழுவதுமே போய்விடும்.

சோலார் நல்ல தொழில்நுட்பம். புகை இல்லை, சாம்பல் இல்லை, குடாவில் சுடுநீர் இல்லை. நான் அதை விரும்புகிறவன், என் வீட்டுக் கூரையிலும் இருக்கிறது. ஆனால் எரிபொருள் மாறியதால் காணியின் கணக்குத் தீர்ந்துவிடாது. 2006இல் ஆட்களை விரட்டிவிட்டு வேலி போட்ட நிலத்தில், காணிக்காரரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசாமல் சூரியத் தகடு பதித்தால், பழைய அநியாயம் புதிய பெயரில் தொடரும். திட்டம் கைவிடப்பட்ட 2016இலேயே அந்த நிலத்தை விடுவித்திருக்க வேண்டும். எந்த மின்நிலையத்துக்காக எடுத்தார்களோ அதுவே இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்ன பிறகும் பிடித்து வைத்திருந்ததற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. காணிக்காரருக்குப் பங்கு, வருட வாடகை, மாற்றுக் காணி, பிள்ளைகளுக்கு அங்கே தொழில் என்று பேசுவதற்கு எத்தனையோ வழி இருக்கிறது. பேச வேண்டியவர்கள் பேச வேண்டும்.

சரி, இப்போது செய்யக்கூடியதைச் சொல்கிறேன். முதலில் உங்கள் காணி எந்த வகை என்று பாருங்கள்: உறுதிக் காணியா (பத்திரம் உள்ள தனியார் காணி), அரசாங்க ஒப்பமா, அனுமதிப்பத்திரமா. உறுதிக் காணி என்றால் அதை அரசு எடுப்பதற்குக் காணி எடுத்தற் சட்டத்தின்படி ஒழுங்கான அறிவித்தல்கள் வர வேண்டும். 2ஆம் பிரிவு அறிவித்தல், பிறகு 7ஆம் பிரிவின்படி உரிமை கோரச் சொல்லி அறிவித்தல், விசாரணை, நட்டஈடு என்று படி இருக்கிறது. உங்கள் அப்பாவின் பெயருக்கு அப்படி ஒன்று வந்ததா, வந்திருந்தால் எந்த விலாசத்துக்கு அனுப்பினார்கள் என்பதுதான் முதல் கேள்வி. முகாமில் இருக்கிறவருக்கு ஊர் விலாசத்தில் கடிதம் போட்டால் அது யாருக்குக் கிடைக்கும்?

இதை அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இலங்கைப் பிரசைகள் மட்டும்தான் கேட்கலாம். நீங்கள் கனடியப் பிரசை ஆகியிருந்தால் அண்ணன் பெயரில் கேளுங்கள். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. மூதூர் பிரதேச செயலகத்துக்கு ஒன்று, மின்சார சபைக்கு அல்லது அதன் பொறுப்பை ஏற்றிருக்கிற நிறுவனத்துக்கு ஒன்று. காணியின் எல்லைகளையும் தெரிந்தால் வரைபட இலக்கத்தையும் எழுதி, அது எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் திகதியில் எடுக்கப்பட்டது, நட்டஈட்டுப் பட்டியலில் அப்பாவின் பெயர் இருக்கிறதா, குத்தகை ஒப்பந்தத்தின் பிரதி வேண்டும் என்று தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள், சொல்லாவிட்டால் மேன்முறையீட்டுக்கு அது வேண்டும்.

உறுதி போரில் தொலைந்திருந்தால் திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் பிரதி தேடலாம். பழைய வாக்காளர் இடாப்பு, கூப்பன் அட்டை, நெல்லுக்குப் பசளை மானியம் எடுத்த சீட்டு, எது கிடைத்தாலும் எறிய வேண்டாம். வழக்குக்குப் போவதானால் சட்ட உதவி ஆணைக்குழுவில் முதலில் கேட்டுப் பாருங்கள். தனியாகப் போவதைவிட, அந்த 500 ஏக்கருக்குள் காணி உள்ள மற்றக் குடும்பங்களோடு சேர்ந்து போவது நல்லது. ரொறன்ரோவில் இருக்கிற சம்பூர்க்காரர் அந்தக் குடும்பங்களின் பட்டியலை எழுதத் தொடங்கினாலே பெரிய வேலை. காணியின் எல்லை தெரிந்த வயதானவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

பதில்கள் கிடைத்ததும் பிரதிகளை ஆசிரியர் முகவரிக்கு அனுப்பிவையுங்கள். படித்துப் பார்த்து, மற்றக் குடும்பங்களுக்கும் உதவும்படி இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.